முனிராஜ் லீவு போட்ட ஞாயிற்றுக்கிழமை

மூன்றாவது பாட்டு பாதியில் இருந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். மடியில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்து நடக்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல், பின்னால் இருந்த அத்தனை பேரையும் மறைத்தபடி நேராக வெளியே போனாள்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நான் பியானோவில் இருந்தேன். கண் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். ஆரம்பிப்பதற்கு முன்பே மைக்கில் சொல்லியிருந்தேன். இது நம் ஊர்க் கச்சேரி மாதிரி இல்லை, பாடுகிறவனுக்கு மைக் கிடையாது, பாட்டு நடுவில் யாரும் எழுந்திருக்காதீர்கள், போனை அமர்த்தி வையுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். எல்லோரும் பெரிதாகத் தலையாட்டினார்கள்.

என் பக்கத்தில் நின்று பாடிக்கொண்டிருந்த முனிராஜும் அவள் போவதைப் பார்த்தான். அவன் குரல் ஒரு நொடி ஆடியது. பிறகு நிமிர்ந்துவிட்டது. பாட்டு பிடிக்காமல் போய்விட்டாள் என்று நினைத்தானாம், பின்னால் சொன்னான்.

அவள் பெயர் ரேவதி. அவள் ஏன் போனாள் என்று எங்களுக்குத் தெரிவதற்கு இன்னும் நான்கு பாட்டு பாக்கி இருந்தது.

போன வாரம் இதே பத்தியில் ஓட்டைப் பியானோவை வண்டியில் ஏற்றி ஓசூர் கொண்டுவந்த கதையை எழுதினேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது என்று பலர் போன் செய்தார்கள். இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பொரி வாசனையும் ஆயில் வாசனையும்

முனிராஜின் குரலை நான் முதலில் கேட்டது எந்த மேடையிலும் இல்லை. ஒரு ஆயுத பூஜை அன்று, ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில், இரும்புத் தகடு அடிக்கிற ஷெட்டில்.

ஓசூர்க்காரர்களுக்குத் தெரியும். வருஷம் முழுக்க கேட்டில் நிறுத்திப் பையைச் சோதிக்கிற கம்பெனிகள் அந்த ஒரு நாள் குடும்பத்தோடு உள்ளே விடும். மெஷினுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, தரையில் பூசணிக்காய் உடைத்திருப்பார்கள். பொரி, கடலை, சுண்டல் வாசனையோடு மெஷின் ஆயில் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறும். என் வீட்டுக்காரர் அப்போது அந்தக் கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருந்தார். எனக்கு இதிலெல்லாம் ஆசை கிடையாது. இழுத்துக்கொண்டு போனார்.

தீபாராதனை முடிந்ததும் எல்லா மெஷினையும் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்துவது வழக்கம். தகடு அடிக்கிற பிரஸ்கள் ஒன்றாக ஓட ஆரம்பித்ததும் எனக்குக் காலடியில் தரை உதறியது. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் வாயசைத்துக்கொண்டிருந்தார், ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. சங்கீதம் சொல்லிக்கொடுக்கிற காதை வைத்துக்கொண்டு இங்கே எதற்கு வந்தோம் என்று நான் எரிச்சலில் நின்றபோதுதான் அது கேட்டது.

அத்தனை இரைச்சலுக்கும் மேலே ஒரு குரல். நீளமாக, நடுங்காமல், சுத்தமாக. யாரோ பெண்பிள்ளை கூப்பிடுகிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். இரும்புப் படிமேடை மீது மஞ்சள் தொப்பி போட்ட ஒல்லியான பையன் நின்றுகொண்டிருந்தான். மீசை இருந்தது. வாயருகே கையைக் குவித்து "ஓ" என்று ஒரே மூச்சில் இழுத்தான். கீழே இருந்தவர்கள் திரும்பிப் பார்க்காமலே இரண்டடி நகர்ந்தார்கள். மேலே கிரேன், டை என்கிற பெரிய இரும்பு அச்சு ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவர்கள் தலைக்கு மேல் போயிற்று.

வீட்டுக்கு வந்து பியானோவைத் தொட்டுப் பார்த்தேன். அவன் பிடித்த ஸ்வரம் பெண்கள் பாடுகிற எல்லையில் இருந்தது. தொண்டையை நெரித்து எடுத்த கள்ளக்குரலும் இல்லை. யார் அந்தப் பையன் என்று என் வீட்டுக்காரரைத் துளைத்தெடுத்தேன்.

"இது கூப்புடற சத்தம்ங்க"

ஆள் அனுப்பி வரவழைத்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரமாட்டேன் என்று நின்றான். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்குக் கொஞ்சம் ராகி நிலம், அதிலும் பாதியை யானை தின்றுவிடும். வீட்டில் தெலுங்கு, ஊரில் கன்னடம், வேலையில் தமிழ்.

"பாடுவியாப்பா?" என்றேன்.

"பாட்டெல்லாம் வராதுங்க டீச்சர். இது சும்மா கூப்புடற சத்தம்ங்க."

அந்தக் கூப்பிடுகிற சத்தத்தைப் பாட்டாக்க நான்கு வருஷம் ஆயிற்று. காலை ஷிப்ட் முடிந்து வருவான். இரும்பு வாசனையோடு வருவான். முதலில் முகம் கழுவச் சொல்வேன், பிறகு டீ, பிறகு பாடம். ஓர் ஆண் பெண்குரலின் உயரத்தில் பாடுவதற்கு மேல்நாட்டில் கவுண்டர்டெனர் என்று பெயர் இருக்கிறது, பழைய இத்தாலியப் பாட்டுகளில் அதற்குத் தனி மரியாதை உண்டு என்று நான் சொன்னபோது அவன் நம்பவில்லை. கிண்டல் செய்கிறேன் என்று நினைத்தான்.

கிண்டல் செய்தவர்கள் வேறு ஆட்கள். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு கிறிஸ்துமஸ் விழாவில் அவனைப் பாடவைத்தேன். படித்தவர்கள், பாதிப்பேர் வெளிநாடு போய்வந்தவர்கள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தர் அவன் பின்னால் இடுப்பை ஒடித்து நடந்து காட்டினார். அந்த ஆளோடு நான் இன்றுவரை பேசுவதில்லை.

அவன் அப்பா மாரப்பாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஏன் சிரித்தார்கள் என்றே புரியவில்லை.

"எம் மச்சான் கூத்துல பொம்பள வேசம் கட்டுவான்ங்க. அவன் பாடுனா ஊரே அழுவும். இதுல சிரிக்கறதுக்கு இன்னா இருக்குது?" என்றார்.

அந்த மனுஷர் மேல் எனக்கு அன்றிலிருந்து ஒரு தனி மரியாதை.

ஹூட்டர்

இனிமேல் சொல்லப்போவதைப் புரிந்துகொள்ள இது தெரிய வேண்டும். கிரேன் நகர்ந்தால் ஹூட்டர், அதாவது எச்சரிக்கைச் சங்கு, அடிக்க வேண்டும். அதுதான் முறை. அந்த ஷெட்டில் ஹூட்டர் எப்போதோ கெட்டுப்போயிருந்தது. முதலில் சரிசெய்யச் சொல்லி எழுதிக் கொடுத்தார்களாம். அதற்குள் முனிராஜ் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். கிரேன் நகரும்போது அவன் ஒருநாள் தற்செயலாகச் சத்தம் கொடுக்க, ஷெட்டின் கடைசி மூலைவரை கேட்டது. காதில் பஞ்சடைத்தவனுக்கும் கேட்டது. சூப்பர்வைசர் அவனை மேடையில் ஏற்றிவிட்டார். சத்தம் வந்தால் லோடு வருகிறது, விலகு. வராவிட்டால் ஒன்றும் இல்லை, வேலையைப் பார். அவ்வளவுதான் சட்டம்.

அவன் சம்பளச் சீட்டில் ஹெல்பர் என்றுதான் இருக்கும். கான்ட்ராக்ட் ஆள். கூப்பிடுவது வேலை என்று எங்கேயும் எழுதவில்லை.

இதில் யாருக்கும் வருத்தம் இல்லை, பெருமைதான் இருந்தது. "முனி இருக்கறப்ப ஹூட்டர் எதுக்கு?" என்பது அந்த ஷெட்டில் ஒரு வாடிக்கையான பேச்சு. என் வீட்டுக்காரரும் சிரித்துக்கொண்டே சொல்வார். முனிராஜுக்கும் அதைக் கேட்டால் முகம் மலரும். ஊரில் ஒன்றுக்கும் உதவாத குரல், இங்கே நாற்பது ஐம்பது பேரைக் காப்பாற்றுகிறது என்றால் யாருக்குத்தான் மலராது?

நன்றாக யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதன் நன்றாக இருக்கிறான் என்பதால் ஒரு யந்திரத்தைச் சரிசெய்யாமல் விட்டார்கள். 

திம்மராயன்

பெங்களூரில் ஒரு பாடகர் குழு இருக்கிறது. அதை நடத்துகிற அம்மாள் முனிராஜைக் கேட்க ஓசூர் வருவதாகச் சொன்னார். பிடித்திருந்தால் தங்க இடமும், மாதாமாதம் உதவித்தொகையும், மேற்கொண்டு படிக்க வழியும். அதாவது பிரஸ் ஷாப்பிலிருந்து விடுதலை. நான் பாட்டு டீச்சராக இருக்கிற பள்ளியின் அரங்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கச்சேரி என்று முடிவாயிற்று. குரலும் பியானோவும் மட்டும், ஏழு பாட்டு.

ஆர்டர் நெருக்கடி என்று அந்த மாதம் ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் போட்டிருந்தார்கள். முனிராஜுக்கு லீவு இல்லை என்றார் சூப்பர்வைசர். பதிலுக்கு ஆள் கொடு, போ என்றார்.

பதிலுக்கு வந்தவர் திம்மராயன். பாரூர்ப் பக்கத்துக்காரர். கிரேன் தூக்குகிற லோடுக்குப் பெல்ட் மாட்டிக் கழற்றுகிற வேலை. முனிராஜ் ஓசூர் வந்த புதிதில் தன் வீட்டிலேயே தங்கவைத்துச் சோறு போட்டவர். அன்றைக்கு அவருக்கு ஓய்வு நாள். முனிராஜை என் வீட்டில் கொண்டுவந்து விடும்போது என் எதிரிலேயே சொன்னார்:

"ஒரு நாளு தானேடா? நான் பாத்துக்கறேன். கீழயும் பாத்துக்கறேன், சத்தமும் நானே குடுத்துக்கறேன். உங்க அக்காவ அனுப்பறேன், முன்னாடி சீட்டு போட்டு வை."

"உன் கொரலு கேக்காதுண்ணா" என்றான் முனிராஜ்.

"கேக்கலைன்னா விசிலு அடிக்கறேன். போடா, பெரிய பாட்டுக்காரன்."

அவருக்கு அடித்தொண்டைக் குரல். பேசினாலே மேஜை அதிரும், ஆனால் பிரஸ் இரைச்சலில் அது கலந்து அமுங்கிவிடும். உங்க அக்கா என்றது ரேவதியை, அவர் மனைவியை.

அரங்கத்தில்

அன்றைக்கு முனிராஜ் எப்படிப் பாடினான் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது பாவம்.

குளிர்காலம் ஆரம்பித்திருந்தது. ஓசூர்க் காற்று ஜன்னல் வழியே வந்து என் விரலை விறைக்க வைத்தது. பியானோவுக்குள் போட்டிருந்த அந்துருண்டை வாசனை மேடை முழுக்க. முனிராஜ் கடன் வாங்கிய கறுப்புக் கோட்டில் தோள் தொங்க நின்றான். முதல் பாட்டில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இரண்டாவது பாட்டில் சிரிப்பு இல்லை. மூன்றாவதில் ரேவதி எழுந்து போனாள், அவள் பின்னாலேயே என் வீட்டுக்காரரும் போனார். நான்காவது ஒரு பழைய இத்தாலியப் பாட்டு, காதலனைப் பறிகொடுத்தவள் அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுவது. அந்த நீண்ட ஸ்வரத்தை அவன் பிடித்து, மெல்லக் குறைத்து, இல்லாமலாக்கினான். நான் கை எடுத்த பிறகும் அரங்கத்தில் யாரும் இருமவில்லை.

நாற்பது வருஷமாகப் பியானோ வாசிக்கிறேன். அப்படி ஒரு குரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது. இப்போது நினைத்தால் அந்தச் சந்தோஷமே அருவருப்பாக இருக்கிறது.

ஏழாவது பாட்டு முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பெங்களூர் அம்மாள் மேடைக்கு முன்னால் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். இன்னொரு பாட்டு, இன்னொரு பாட்டு என்று பின்னால் குரல்.

என் வீட்டுக்காரர் எனக்குத் தண்ணீர் கொண்டுவருவது போலப் பக்கவாட்டில் ஏறி வந்தார். குனிந்து காதில் சொன்னார். "திம்மராயன் போயிட்டாரு. டை மோதிடுச்சு. நசுங்கி அங்கயே முடிஞ்சுது. ரேவதிக்கு வந்த போன் அதுதான். நான் பாட்டை நிறுத்தல."

கைதட்டல் ஓயவில்லை. முனிராஜ் முகமெல்லாம் சிரிப்பாக என் பக்கம் திரும்பினான்.

"டீச்சர், இன்னொண்ணு பாடட்டுங்களா?"

நான் பியானோ மூடியைச் சாத்தினேன்.

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. கிட்டே வந்து கேட்டான். "எங்கியாச்சும் தப்பு பண்ணிட்டனுங்களா டீச்சர்?"

பிறந்த வேலை

என்ன நடந்தது என்பதைக் கூட இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். திம்மராயன் ஒரு டையை இறக்கி, குனிந்து பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். முதுகு கிரேனுக்கு. பக்கத்து வரிசையிலிருந்து அடுத்த லோடு கிளம்பியது. கிரேன் ஆபரேட்டர் யாராவது சத்தம் கொடுப்பார்கள் என்று நினைத்தார். திம்மராயனோ சத்தம் வரவில்லை, அதனால் லோடு வரவில்லை என்று குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தார். நான்கு வருஷப் பழக்கம். விசில் அவர் சட்டைப்பையில் இருந்தது. கீழே வேலை செய்கிறவனே மேலே பார்த்துச் சத்தமும் கொடுக்க முடியாது என்பது அந்த ஷெட்டில் யாருக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரி மார்ச்சுவரி வாசலில் பாரூர் உறவுக்காரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மனைவிக்கு வேலை என்று எழுதிக் கொடுக்காமல் உடலை வாங்கமாட்டோம் என்றார்கள். நம் பக்கத்தில் வேறு வழி கிடையாது. உடலை வாங்கிவிட்டால் பிறகு கேட்டில் செக்யூரிட்டியைத் தாண்டி ஒருத்தரும் பேசமாட்டார்கள். செத்தவனை ஐஸில் கிடத்திவிட்டுத்தான் உயிரோடிருப்பவர்களுக்கு நியாயம் கேட்க வேண்டியிருக்கிறது. ரேவதி வேப்பமரத்தடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். கச்சேரிக்குக் கட்டிக்கொண்டு வந்த பட்டுப்புடவையைக்கூட மாற்றியிருக்கவில்லை.

முனிராஜ் கொஞ்சம் தள்ளி மதில் ஓரமாக நின்றான். உறவுக்காரர்களில் ஒருவர் அவனை அடிக்கப் போனார். அவன் நகரவில்லை. நாங்கள்தான் பிடித்து இழுத்தோம்.

கம்பெனி தரப்பில் வந்தவர் தணிவாக, மரியாதையாகப் பேசினார். வேலை தருகிறோம். ஒரு அறிக்கையில் மட்டும் அந்த அம்மா கையெழுத்துப் போட வேண்டும். கிரேன் பகுதியில் எச்சரிக்கைக் குரல் கொடுக்கும் பொறுப்பில் இருந்த தொழிலாளி சொந்த வேலையாக விடுப்பில் போனதுதான் விபத்துக்குக் காரணம் என்று அதில் இருந்தது.

நான்கு வருஷம் ஏட்டில் இல்லாத வேலை. திம்மராயன் செத்த மறுநாள் பிறந்தது.

நான் அந்த ஆளிடம் கத்தினேன். ஹூட்டர் எங்கேய்யா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்து, "மேடம், நீங்க பாட்டு டீச்சர்தானே?" என்றார். அதற்கு மேல் என்னிடம் பேசவில்லை.

அந்த வாரமே முனிராஜின் கேட் பாஸை வாங்கிக்கொண்டார்கள். ஹூட்டரையும் அந்த வாரமே மாட்டினார்கள். காலையில் எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட்டுப் போய்விட்டாராம். பெங்களூர் அம்மாள் இரண்டு முறை போன் செய்தார். முனிராஜ் எடுக்கவில்லை. பிறகு எனக்கு அடித்தார், அவனுக்கு உடம்பு சரியில்லை என்றேன்.

ரேவதி வந்தாள்

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து ரேவதி எனக்குப் போன் செய்தாள். முனியைப் பார்க்க வேண்டும், உறவுக்காரர்கள் கண்ணில் படாமல் பார்க்க வேண்டும், உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள் என்றாள். சொல்லி அனுப்பினேன். தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் வந்து இறங்கினான். பாதியாக இளைத்திருந்தான். பியானோ இருந்த அறைக்குள் போகாமல் கூடத்திலேயே நின்றான்.

ரேவதி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். டீ கொடுத்தேன். 

"கையெழுத்துப் போட்டுட்டேன் முனி. உம் பேரு அதுல இருக்குது" என்றாள்.

"போடாம இன்னா பண்ணுவக்கா? புள்ளைய பாக்கணும் இல்ல."

"பேக்கிங்ல போட்டிருக்காங்க. திங்கக்கிழமலருந்து."

"அந்தப் பக்கம் சத்தம் கம்மியா இருக்கும்க்கா. நல்ல எடம்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"உன்னை ஒண்ணு கேக்கறேன். நீ அன்னிக்கி லீவு போடாம இருந்திருந்தா அவுரு உசுரோட இருந்திருப்பாரா?"

நான் முந்திக்கொண்டேன். "ரேவதி, அப்படியெல்லாம் கேக்காதம்மா. ஹூட்டரை முன்னாடியே மாட்டியிருந்தா—"

"உங்கள கேக்கல டீச்சர்."

முனிராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடு என்று நான் மனதுக்குள் அவனைக் கெஞ்சினேன். கம்பெனி மேல் பழி போடுவதற்கு ஆயிரம் நியாயம் இருந்தது, அத்தனையும் உண்மை. அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

"இருந்திருப்பாருக்கா" என்றான்.

ரேவதி அழவில்லை. அவனைப் பார்த்துச் சொன்னாள்.

"எல்லாரும் எங்கிட்ட சுத்தி வளைச்சிப் பேசறாங்க. விதிங்கறாங்க, கம்பெனிங்கறாங்க. உன் வாயால கேக்கணும்னுதான் வந்தேன்."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் வாடகைக்கு இருப்பது எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"பாடாதன்னு சொல்ல மாட்டேன் முனி. அது உன் பொழப்பு. எங் காதுல வுழற மாதிரி மட்டும் பாடாத."

முனிராஜ் சரி என்று தலையாட்டினான். அவன் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.